ஒரு மாத்திரையை ஐந்தாகப் பிரித்துப் பாருங்கள்

என் அண்ணன் மகன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டி, "அத்தை, கலப்புப் பொருளாதாரம் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன், படித்துச் சொல்லுங்கள்" என்றான். அரசும் தனியார் சந்தையும் சேர்ந்து இயங்கும் பொருளாதாரம் அது. முதலாளித்துவத்தின் நன்மை ஒரு பத்தி, தீமை ஒரு பத்தி. சமதர்மத்துக்கும் அதே கணக்கு. கடைசியில், "இரண்டையும் சமநிலையில் வைத்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி. எந்தப் பொருளில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்று ஓர் இடத்திலும் இல்லை.

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. 33 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அரசும் சந்தையும் ஒரே பொருளுக்குள் எப்படிக் கைகோத்து வேலை செய்கின்றன என்பதை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருளைச் சிறிதாக்குங்கள்

"மருத்துவம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா?" என்று தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் கட்சிச் சண்டை வந்துவிடும். அதனால் நோட்டின் தலைப்பில் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளை எழுதுங்கள். "சர்க்கரை நோயாளிக்கு மாதாமாதம் வேண்டிய மெட்ஃபார்மின் மாத்திரை" என்று எழுதலாம். "திண்டுக்கல்லில் இன்று காலை விற்கும் கத்தரிக்காய்" என்று எழுதலாம்.

அதன் கீழே ஐந்து வரிகள். தயாரிப்பது யார்? காசு கொடுப்பது யார்? விலையை முடிவு செய்வது யார்? தரத்தைச் சோதிப்பது யார்? நட்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது? ஒவ்வொரு வரிக்கும் எதிரே "அரசு" அல்லது "சந்தை" என்று எழுதுங்கள். ஐந்துக்கும் ஒரே விடை வருகிறது என்றால் அங்கே நின்று இன்னொரு முறை யோசியுங்கள்.

மாத்திரையில் தொடங்குவோம்

நான் 1988இல் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில் மாத்திரைகள் ஆயிரம் ஆயிரமாக டப்பாக்களில் வரும். உள்ளங்கையில் கொட்டி எண்ணி, தாளில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் டப்பாவின் அடிப்பகுதி ஈரம் கோத்துப் பொடிப்பொடியாகக் கிடக்கும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே பல மருந்துகள் தீர்ந்துவிடும். வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்போம். ஒரு நாள் காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண் அந்தச் சீட்டோடு எதிர்க்கடைக்குப் போனாள். விலையைக் கேட்டிருப்பாள். திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் சீட்டை என் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சீட்டை வெகுநாள் மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

1994இல், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் அரசு நிறுவனமாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து மருந்துகள் அதன் வழியாக வந்தன. இப்போது ஐந்து வரிகளையும் நிரப்பிப் பாருங்கள்.

தயாரிப்பது தனியார் நிறுவனங்கள். டெண்டரில் இரண்டு உறைகள். முதல் உறையில் உரிமம், உற்பத்தித் தரச் சான்று முதலியவை. அதில் தேறியவர்களின் இரண்டாவது உறையை மட்டும் பிரித்து விலையைப் பார்ப்பார்கள். ஆக, விலையை முடிவு செய்வது போட்டி. மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒரே இடத்தில் சேர்த்து, பிராண்டுப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வாங்குவதால் அந்தப் போட்டி கடுமையாக இருக்கும். காசு கொடுப்பது அரசு. நோயாளிக்கு இலவசம். தரச் சோதனைக்கு ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளரின் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறாத சரக்கைத் தயாரித்தவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் தவறினால் கறுப்புப் பட்டியல். அந்த நட்டம் தனியாருக்கு. வாங்கிய மருந்து காலாவதியானால் அது அரசுக்கு.

மாத்திரைகள் அட்டையில் வரத் தொடங்கின. அரசு முத்திரையும் "விற்பனைக்கு அல்ல" என்ற எழுத்தும் அச்சிட்ட அட்டை. மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். மாவட்டக் கிடங்குக்கு அதை எடுத்துப் போனால், எடுத்த மருந்தின் மதிப்பைக் கழித்து மீதியை எழுதித் தருவார்கள். இத்தனை ஆண்டு வேலையில் எனக்குப் பிடித்த காகிதம் அதுதான். மேலே இருப்பவர் தன் விருப்பத்துக்கு மருந்தைத் தள்ளிவிட முடியாது; எங்கள் நோயாளிக்கு எது வேண்டுமோ அதை நாங்கள் கேட்டு எடுத்தோம். கடைக்குப் போய்த் தேர்ந்து வாங்குகிறவனின் சுதந்திரத்தை ஓர் அரசு நிறுவனம் தன் மருத்துவமனைக்கே கொடுத்தது. பிற மாநிலங்களும் இந்த முறையை வந்து பார்த்து எடுத்துக்கொண்டன.

எந்த வரியைச் சந்தையிடம் விடலாம்?

இதற்கு நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். வாங்குகிறவர் "வேண்டாம்" என்று எழுந்து அடுத்த கடைக்குப் போக முடியுமா? பொருள் நல்லதா என்று அவரே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

கத்தரிக்காய்க்கு இரண்டுமே "முடியும்". காம்பைக் கிள்ளிப் பார்த்தால் போதும். மாத்திரைக்கு இரண்டுமே "முடியாது". மாவைத்தான் உருட்டிக் கொடுத்திருக்கிறார்களா என்பது நோயாளிக்குத் தெரியாது. 33 ஆண்டு மாத்திரை எண்ணிய எனக்கே பார்வையில் தெரியாது. அதனால் சோதனை என்ற வரியை விற்கிறவர் கையில் ஒருபோதும் விடாதீர்கள். விற்கிறவர் அரசாக இருந்தாலும் இதே விதிதான்.

இப்போது கத்தரிக்காய்

என் அண்ணன் திண்டுக்கல் உழவர் சந்தையில் காய் விற்கிறார். இந்தச் சந்தைகள் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியவை. இடத்துக்கு வாடகை இல்லை, தராசு இலவசம். நிலம் வைத்து அந்தக் காயைப் பயிரிடுகிறவர் என்று சரிபார்த்துத்தான் அடையாள அட்டை தருவார்கள். காலையில் விலைப் பலகையில் சாக்பீஸால் அன்றைய விலையை எழுதுவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல், வெளியே சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு.

அந்தப் பலகையைக் கூர்ந்து பாருங்கள். அரசு தானாக ஒரு விலையைக் கண்டுபிடிக்கவில்லை. மொத்தச் சந்தையில் வியாபாரிகள் அடித்துப் பேசி முடித்த விலையை எடுத்து, அதன் மேல் ஒரு கோடு போடுகிறது. ஒட்டன்சத்திரம் போன்ற மொத்தச் சந்தைகள் மூடிப்போனால் இந்தப் பலகையில் எழுத எண் கிடைக்காது. உழவர் சந்தை இல்லையென்றால் அண்ணனுக்கு அந்த 20 சதவீதம் கிடைக்காது. மீந்த கத்தரிக்காய் மட்டும் அவர் பாடு. மத்தியானம் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார், மாடு தின்னும். இதில் அரசு தலையிட வேண்டும் என்று அவரே கேட்டதில்லை. நாளைக்கு எவ்வளவு பறிக்கலாம் என்பதை அந்தச் சாக்குதான் அவருக்குச் சொல்கிறது.

விடையோடு தேதியையும் எழுதுங்கள்

அரசா, சந்தையா என்ற விடை காலத்துக்குக் காலம் மாறும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சென்னை மாகாணத்தில் 1952இல் ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். மூன்றே ஆண்டுகளில், 1955 ஜனவரியில், இங்கே ஆவடியில்தான் காங்கிரஸ் "சோஷலிச பாணிச் சமுதாயம்" என்று தீர்மானம் போட்டது. பிறகு 1991இல் தொழில் உரிமங்கள் தளர்த்தப்பட்டன.

மருந்திலும் இப்படித்தான். 1961இல் மத்திய அரசு ஐ.டி.பி.எல். என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னை நந்தம்பாக்கத்தில்கூட அதன் அறுவைக் கருவித் தொழிற்சாலை இருந்தது. 1992இல் அது நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே வேலை பார்த்த அஞ்சி ரெட்டிதான் 1984இல் டாக்டர் ரெட்டீஸ் என்ற தனியார் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்ததால், நம் நிறுவனங்கள் வேறு வழியில் அதே மருந்தைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டன. என் ஜன்னலுக்கு வந்த மலிவான மாத்திரைக்குப் பின்னால் அந்தச் சட்டமும் இருக்கிறது, அந்தப் போட்டியும் இருக்கிறது. 1961இல் "தயாரிப்பது யார்" என்ற வரிக்கு எதிரே "அரசு" என்று எழுதியது சரி. 1995இல் "சந்தை" என்று எழுதியதும் சரி.

கலவை கெடும் இடங்கள்

இரண்டைச் சொல்கிறேன். அரசு வாங்கிவிட்டுப் பணத்தைக் காலத்தில் கொடுக்காமல் இழுத்தால் சிறிய நிறுவனங்கள் டெண்டர் பக்கமே வராது. மிஞ்சிய இரண்டு மூன்று பேர் வைத்ததுதான் விலை. திட்டத்தின் பெயர் மாறாமலே உள்ளே போட்டி செத்துவிடும்.

இன்னொன்று, யாருக்குக் கொடுப்பது என்பது. 1997இல் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மத்திய அரசு பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்தவில்லை. இதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் ஏழை யார் என்று ஓர் அதிகாரி முடிவு செய்யும் இடத்தில் தவறு நடந்தால், பசியோடு திரும்பிப் போகிறவரின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாது. நான் எல்லோருக்கும் கொடுக்கும் பக்கம்தான். காசில்லாதவரின் தேவை சந்தைக்குக் கேட்பதேயில்லை.

அண்ணன் மகனிடம் அடுத்ததாக நெல்லை எடுக்கச் சொன்னேன். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் நெல் அதைத் தாண்டிவிடும். நிலையத்து வாசலில் குவித்துப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது குறைந்த விலைக்கு வியாபாரிக்குக் கொடுக்க வேண்டும். அவன் நான்கு வரிகளை வேகமாக நிரப்பிவிட்டான். "நட்டம் யார் தலையில்?" என்ற ஐந்தாவது வரியில் பேனா நின்றது. அடுத்த அறுவடையின்போது ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு நிரப்பு என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.