ஒரே மருந்து, பல கண்டுபிடிப்பாளர்கள்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மருந்தைப் பலர் தனித்தனியாகக் கண்டுபிடித்த நிகழ்வுகளை எண்ணிப் பார்ப்பது கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பார்மசி படிப்பவர்களுக்கு அருமையான புராஜெக்ட் தலைப்பு. ஆனால் பட்டியல் போடும்போதே கணக்கு கெட்டுவிடும்.

எதை எண்ணுகிறோம் என்பதை முதலிலேயே ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஐசோனியசிட் வெறும் வேதிப்பொருளாக 1912-லேயே பிராக் நகரில் தயாராகிவிட்டது. அது காசநோயைக் கட்டுப்படுத்தும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ரோஷ், ஸ்க்விப், பேயர் ஆகிய மூன்று மருந்து நிறுவனங்களும் தனித்தனியாகக் கண்டன. மருத்துவப் பயனை எண்ணினால் மூன்று. 1912-ஐயும் சேர்த்து நான்கு என்று போடக்கூடாது.

ஆண்டிலும் இதே குழப்பம்தான். அமெரிக்க மருத்துவர் கிராஃபோர்ட் லாங் மயக்க மருந்தாக ஈதர் கொடுத்து அறுவை செய்தது 1842, அதை அச்சில் வெளியிட்டது 1849. நடுவில் 1846-ல் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் மயக்கத்தைப் பாஸ்டனில் செய்து காட்டிவிட்டார். அச்சான ஆண்டை மட்டும் பார்த்தால் லாங் பின்னால் வந்தவர் ஆகிவிடுவார். இரண்டு ஆண்டுகளையும் தனித்தனிக் கட்டத்தில் குறியுங்கள்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின், அதே வேலை செய்யும் முந்தைய மருந்தான சிமெடிடினைப் பார்த்து உருவானது. அதைத் தனிக் கண்டுபிடிப்பாக எண்ணவே கூடாது.

பெரிய சறுக்கல் சராசரியில்தான். 1961-ல் சமூகவியலாளர் மெர்ட்டன் அறிவியல் முழுவதிலும் இப்படி 264 நிகழ்வுகளைத் தொகுத்தார்: இருவர் கண்டவை 179, மூவர் 51, நால்வர் 17, ஐவர் 6, அறுவர் 8, எழுவர் 1, ஒன்பதுபேர் 2. கூட்டி வகுத்தால் 2.58 வரும். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒருவரே கண்டதும், யாருமே காணாததும் இந்தப் பட்டியலில் இல்லையே!

1963-ல் அறிவியல் வரலாற்றாசிரியர் பிரைஸ் ஆப்பிளை வைத்துச் சொன்னதைப் பொள்ளாச்சித் தேங்காயை வைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆயிரம் தேங்காயில் ஆளுக்கு ஒன்றைத் தொடுகிறார்கள். சுமார் 368 காய்களை யாரும் தொடமாட்டார்கள், 368-ஐ ஒருவர் மட்டும், 184-ஐ இருவர், 61-ஐ மூவர் தொடுவார்கள். உண்மைச் சராசரி 1. இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ தொட்டவற்றை மட்டும் எடுத்தால் 2.39 ஆகிவிடுகிறது. தேங்காய்க் கணக்கில் வந்ததுபோல் தற்செயல் நிகழ்வுகள் எத்தனை முறை நேரும் என்று சொல்லும் கணக்குக்குப் பாய்சான் பரவல் என்று பெயர். ஆகவே பூஜ்யமும் ஒன்றும் விடுபட்ட பாய்சான் பரவலைப் பொருத்த வேண்டும். மெர்ட்டன் பட்டியலுக்கு அப்படிச் செய்தால் சராசரி சுமார் 1.4.

அதோடும் நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணிக்கையையும் அதற்கு முந்தையதால் வகுத்து, கண்டவர்களின் எண்ணால் பெருக்குங்கள். பாய்சான் பொருந்தினால் 3×51/179, 4×17/51, 5×6/17 மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும். வருவதோ 0.85, 1.33, 1.76. எல்லாத் துறைக்கும் ஒரே சராசரி இல்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி. பலர் மொய்க்கும் துறைகள்தான் ஐவர், அறுவர் என்று நீளும் வாலை நீட்டுகின்றன என்பது எங்கள் கணிப்பு. பிரபலமான கண்டுபிடிப்பை வரலாற்றாசிரியர்கள் அதிகம் துருவுவதும் சேர்ந்திருக்கலாம்.

எதிர்பார்த்த எண்ணிக்கையும் இருக்கும் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனைக்கு (chi-square) ஐவர் முதல் மேலே உள்ளவற்றை ஒரே கட்டமாகச் சேருங்கள். சிறிய எண்ணிக்கைகளைத் தனித்தனியாக விட்டால் சோதனை நம்பகமாக இராது. 1.4 என்ற சராசரியின்படி இருவர், மூவர், நால்வர், ஐவரும் மேலும் என்ற வரிசையில் எதிர்பார்ப்பு 156, 73, 26, 9. இருப்பது 179, 51, 17, 17. மதிப்பு சுமார் 19 வருகிறது. இரண்டு கட்டின்மைப் படிகளுக்கு (degrees of freedom) 5 சதவீத எல்லை 5.99. 19 அதைத் தாண்டுவதால் ஒற்றைப் பாய்சான் இங்கே பொருந்தவில்லை.