வசந்தம் முடிகிற வாரங்களில் ஒரு கடலோரப் பல்கலைக்கழக ஊரைக் கவனிப்பது எப்படி

ஒரு நோட்டு, ஒரு பென்சில், தினமும் கால் மணி நேரம் போதும். பேனா வேண்டாம், கடற்கரை ஈரத்தில் மை ஊறிவிடும். குளிர்நாட்டுக் கடற்கரையில், பல்கலைக்கழகம் உள்ள ஊரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மே மாத நடுவிலிருந்து ஜூன் பாதி வரை உள்ள நாட்கள்தான் ஆண்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். கடல் தெரிய வேண்டும், சில கூரைகள் தெரிய வேண்டும், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றாவது கண்ணில் பட வேண்டும். தினமும் அங்கேயே, அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் நிறையப் பார்க்கலாம். ஆனால் எது மாறியது என்று பிடிபடாது. இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் தன் ஊரில் முதல் இலை, முதல் குயில் கூவல் என்று தேதி குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். பருவங்கள் எப்படி நகர்ந்திருக்கின்றன என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குறிப்புகளைத்தான் எடுக்கிறார்கள். வர்ணனைக்காக அல்ல, ஒரே இடத்தின் தேதிகளுக்காக.

நேரம்? மாலை நான்கு மணி என்பேன். காரணம் காற்று.

இந்த வாரங்களில் கரையும் கடலும் ஒரே பருவத்தில் இருப்பதில்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். வடபகுதிக் கடல்கள் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில்; நன்றாகச் சூடேறுவது ஆகஸ்ட், செப்டம்பரில். ஆக, மே மாதத்தில் புல்வெளியில் மாணவர்கள் வெறுங்காலோடு படுத்துப் படித்துக்கொண்டிருக்க, கடல் இன்னும் குளிர்காலத்தை விட்டு வெளியே வந்திருக்காது. வெயில் நாளில் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கும். நான்கு மணிக்கு நின்றால் அது நன்றாகத் தெரியும். உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் பாருங்கள்: தூரத்தில் திட்டுத் திட்டாக மேகம் வரிசை கட்டியிருக்கும், உங்கள் தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டிருக்கும். அந்த வரிசைதான் கடற்காற்று எதுவரை போயிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சில நாள் மூடுபனி வரும். ஈரமான வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கடல் மேல் நகரும்போது அதிலுள்ள ஈரம் பனியாகிவிடும். கடற்காற்று அதைக் கரைக்கு இழுத்து வரும். ஊருக்குள் இரண்டு தெரு தள்ளிப் போனால் வெயில் அடிக்கும். அன்று நோட்டில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: பனி எந்தத் தெருவரை வந்தது, எத்தனை மணிக்கு விலகியது.

முடிந்தால் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை நூலில் கட்டி, படித்துறையிலிருந்து தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அந்த எண்ணை நண்பர்களிடமும் சொல்லுங்கள். தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் கடலில் குதிக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு தன்போக்கில் திணறும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடித்துவிடுகிறார்கள். அப்படி விழுந்துவிட்டால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். மூச்சு சீரானதும் கரைக்கு வரலாம். மது குடித்துவிட்டுக் கடலில் இறங்கவே கூடாது.

ஓதத்துக்கும், அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றத்துக்கும், ஒரு வரி ஒதுக்குங்கள். ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். பெரும்பாலான கரைகளில் இன்று நான்கு மணிக்கு ஏற்றம் என்றால், ஒரு வாரத்தில் அதே நேரத்துக்கு வற்றமாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் பின்வாங்கும். பாறைக் குட்டைகளைப் பார்க்க அந்த நாட்கள்தான் நல்லவை.

பறவைகளில் இரண்டை மட்டும் விடாமல் பாருங்கள். ஒன்று ஆலா என்ற கடற்பறவை. ஆண் ஆலா சிறு மீனை அலகில் குறுக்காகப் பிடித்து வந்து பெண்ணுக்குக் கொடுக்கும். எப்போது அந்தக் காட்சி தொடங்குகிறது என்று குறியுங்கள். அவை கூழாங்கல் பரப்பிலேயே முட்டையிடும், முட்டையும் கல்லும் ஒன்றுபோலவே இருக்கும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால் நீங்கள் அவை முட்டையிட்ட இடத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். வந்த வழியே, தரையைப் பார்த்தபடி திரும்பிவிடுங்கள். நாயோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று கூரைகளில் கூடு கட்டும் பெரிய கடற்காகம். அதன் கீழ் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். குஞ்சு அதைக் கொத்தினால் பெற்ற பறவை இரையைக் கக்கிக் கொடுக்கும். நிக்கோ டின்பெர்கன் அட்டையில் செய்த போலித் தலைகளைக் குஞ்சுகளிடம் காட்டி இதை ஆராய்ந்தார். விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். நூலக மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்க் கூரையில் இதை உங்கள் கண்ணாலேயே காணலாம். படிப்பிலிருந்து ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

பல்கலைக்கழகத்தையும் இதே போல அளவெடுங்கள். வீடு திரும்பும் வழியில் ஒரே நேரத்துக்கு நூலகத்தில் விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். தேர்வு நெருங்க நெருங்க எண்ணிக்கை ஏறும், பிறகு ஓரிரு நாளில் விழும். குப்பைத்தொட்டி பக்கத்தில் முதல் மேசை விளக்கு, முதல் மெத்தை எப்போது வருகிறது என்று பாருங்கள். சைக்கிள் கம்பிகளில் பூட்டியபடியே விட்டுப் போன வண்டிகளைப் பாருங்கள். ஆட்களைப் பற்றி எழுதும்போது பெயரோ அடையாளமோ வேண்டாம். அது அவர்களுக்குக் கடினமான காலம்.

மாணவர்கள் கிளம்பியதும் நோட்டை மூடிவிடாதீர்கள், இன்னும் சில வாரங்கள் எழுதுங்கள். ஊர் சத்தம் குறையும்போது கூரைச் சத்தம் கூடும், குஞ்சுகள் விளிம்புக்கு நடந்து வரத் தொடங்கும். தெருவில் விழுந்த குஞ்சைக் கண்டால் உடனே எடுத்துப் போகாதீர்கள். பெற்றவை பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். வண்டி போகிற இடமென்றால் மட்டும் ஓரமாக விடுங்கள், மேலிருந்து பாய்ந்து வரும் என்பதால் தலையில் தொப்பி இருக்கட்டும். அப்புறம் அந்தக் கூரை எது என்று குறித்து வையுங்கள். இந்தப் பறவைகள் அடுத்த ஆண்டும் பழைய இடத்துக்கே வரக்கூடியவை.