கால் உதறும் ஆட்கள் பர்வதமலை ஏறுவது எப்படி

நான் போளூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 46. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூடக் கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான் நிற்பேன். அப்படிப்பட்ட நான் மூன்று முறை பர்வதமலைக்குப் போயிருக்கிறேன். முதல் முறை ஏறிவிட்டு இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் முறை பாதியில் திரும்பினேன். மூன்றாம் முறைதான் ஒழுங்காகப் போய் வந்தேன். உயரம் என்றாலே வயிற்றைக் கலக்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஏறுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

மலையைத் தெரியாதவர்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரிலிருந்து செங்கம் போகிற சாலையில் போனால் வரும். உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் இருக்கிறார்கள். சங்கப் பாட்டில் நன்னன் என்ற சிற்றரசனுடைய நவிரமலை என்று வருவது இதுதான் என்பார்கள். தென்மாதிமங்கலம் பக்கமிருந்தும் ஏறலாம், கடலாடிப் பக்கமிருந்தும் ஏறலாம். நான் மூன்று முறையும் தென்மாதிமங்கலம் வழிதான். அடிவாரத்தில் பச்சையம்மன் கோவில், அப்புறம் படிக்கட்டு, அப்புறம் காட்டுக்குள் கல்லும் முள்ளுமாக ஒரு பாதை, பாதி மண்டபம். அதுவரை மூச்சுதான் வாங்கும், பயம் வராது. அதற்கு மேலே மொட்டைப் பாறை. பாறையில் இரும்புக் கடப்பாரைகளை அடித்து நட்டு, சங்கிலி கோத்திருக்கிறார்கள். கடப்பாரைப் படி என்று பெயர். இரும்பு ஏணி வைத்த பாதையும் உண்டு. நம் கதை அங்கேதான்.

முதலில் ஒரு தப்பான யோசனையைச் சொல்லிவிடுகிறேன். "ராத்திரியில ஏறிடு, பள்ளம் தெரியாது, பயமே இருக்காது" என்று யாராவது சொல்வார்கள். 2017-இல் மாசிப் பௌர்ணமிக்குத் தெருப் பெண்களோடு நான் அப்படித்தான் ஏறினேன். உண்மைதான், பயமே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் என் கையும் ஒரு கடப்பாரையும்தான் தெரிந்தது. மேலே போய் நம் கையாலேயே சாமிக்கு அபிஷேகம் செய்து, பஜனை கேட்டு, சந்தோஷமாகத்தான் இருந்தேன். விடிந்தது. இறங்க வந்தால், ராத்திரி நான் ஏறி வந்த இடம் அதுதான் என்று நம்பவே முடியவில்லை. கீழே மரமெல்லாம் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிகிறது. மூன்றாவது கடப்பாரையில் சங்கிலியைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் கூட்டம் நிற்கிறது, எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, தெரியாது. கடைசியில் கீழே இருந்து ஏறி வந்த ஒரு பெரியவர்தான் சொன்னார்: "அம்மா, முதுக மலைக்குக் காட்டாத. மொகத்தக் காட்டு. திரும்பி, ஏணியில எறங்கற மாதிரி எறங்கு."

அந்த ஒரு வார்த்தையில்தான் இறங்கினேன். ஆகவே பகலில் போங்கள். எதில் இறங்கப் போகிறோம் என்று பார்த்துவிட்டு ஏறுவதுதான் நமக்குச் சரி. மேலும் இப்போது ஏறும் நேரத்துக்கும் மேலே தங்குவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு, அவை அவ்வப்போது மாறும். முந்தின நாளே ஊரில் விசாரித்துவிட்டு பஸ் ஏறுங்கள். பௌர்ணமி, அமாவாசை, ஞாயிறு எல்லாம் வேண்டாம். கூட்டத்தில் பயப்படுவதற்குக்கூட நமக்கு நேரம் தர மாட்டார்கள். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு மாசி வரைக்கும், ஏதாவது ஒரு வார நாள். நான் மூன்றாம் முறை போனது 2023 தை மாதம், ஒரு புதன்கிழமை.

வீட்டிலேயே செய்ய வேண்டியது

என்னிடம் ரவிக்கை தைக்கிற பிசியோதெரபி டாக்டர் ஒருவர் இருக்கிறார். அளவு கொடுக்க வந்தபோது கேட்டேன், உயரத்தில் நின்றால் ஏன் யாரோ கீழே இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று. நாம் நேராக நிற்பதற்குக் காது, பாதம், கண் மூன்றும் சேர்ந்து வேலை செய்கிறதாம். தரையில் நிற்கும்போது பக்கத்தில் சுவரோ மரமோ இருக்கும். உடம்பு லேசாக ஆடினாலும் அதை வைத்துக் கண் கண்டுபிடித்துத் திருத்திவிடும். பாறை விளிம்பில் கண்ணுக்குக் கிடைப்பது எங்கோ தூரத்தில் இருக்கிற ஏரி. நாம் ஓர் அங்குலம் ஆடினாலும் ஏரி நகர்ந்ததாகத் தெரியாது. கண்ணுக்குத் துப்பு கிடைக்காததால் உடம்பு இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. அதைத்தான் இழுக்கிறது என்று நினைக்கிறோம்.

இது தெரிந்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. ஏனென்றால் மருந்தும் அதிலேயே இருக்கிறது. பக்கத்தில் அசையாமல் இருக்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும், ஒரு கையால் எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அழுத்திப் பிடிக்கக்கூட வேண்டாம், விரல் பட்டால் போதும், ஆட்டம் குறையும். பறவை, ஓடுகிற மேகம் இதையெல்லாம் பார்க்கக் கூடாது. தையல்காரிக்கு இது புதிதா? ஊசி இறங்கும் இடத்தைப் பார்த்தால் தையல் நேராகப் போகும். துணி முழுவதையும் பார்த்தால் கோணிக்கொள்ளும்.

இரண்டு மாதம் பழகினேன். ரவிக்கைக்குக் கொக்கி கட்டுகிற வேலையை மொட்டை மாடிக்குக் கொண்டு போனேன். முதல் வாரம் கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்தேன், அடுத்த வாரம் இரண்டடி, அப்புறம் சுவரை ஒட்டி. இதில் ஒரு விஷயம் முக்கியம். பயம் உச்சத்துக்கு வரும்போது எழுந்து ஓடக் கூடாது. ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனது கணக்கு எழுதிக்கொள்ளும். அங்கேயே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாக இறங்கும். எனக்கு இரண்டு கொக்கி கட்டுவதற்குள் இறங்கிவிடும். அப்புறம் வாரம் ஒரு முறை எங்கள் ஊர் சம்பத்கிரி நரசிம்மர் மலைக்குப் போனேன். படிக்கட்டுதான், ஆனால் தொடைக்குப் பழக்கம், இறங்கும்போது கண்ணுக்கும் பழக்கம்.

ஒன்று, தரையில் சும்மா இருக்கும்போதே தலை சுற்றுகிறவர்களும், காதில் இரைச்சல் இருக்கிறவர்களும் டாக்டரைப் பாருங்கள். அது பயம் இல்லை, வேறு விஷயம். இதய நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஏற்றம் வேண்டாம். மார்கழி முதல் நாள் இந்த மலையைச் சுற்றிக் கிரிவலம் வருகிறார்கள், அதுவும் நீண்ட நடைதான், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்.

உடுப்பும் பையும்

சேலை வேண்டாம். பக்தி குறைந்துவிடாது. கொசுவம் காலை மறைத்தால் பாதம் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. தொடைப் பக்கம் தாராளமாக விட்ட சுடிதார், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சு. தோளில் தொங்குகிற பை ஆடும், அது ஆடினால் நாமும் ஆடுவோம். நான் பழைய ஜீன்ஸ் துணியில் முதுகுப் பை ஒன்று தைத்து, இடுப்பில் கட்ட ஒரு பட்டையும் வைத்தேன். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் கவரைக் கையில் பிடித்துப் போனால் குரங்கு வாங்கிக்கொள்ளும். பாறையில் நின்றபடி குரங்கோடு மல்லுக்கட்டுவது நம்மால் ஆகிற காரியமில்லை.

தண்ணீர் மூன்று லிட்டர், உப்பு சர்க்கரைப் பொட்டலம், எலுமிச்சை சாதம். பசியில் வருகிற கிறுகிறுப்பைப் பயம் என்று நினைத்துக்கொள்வோம், ஆகவே மண்டபத்தில் கட்டாயம் ஏதாவது சாப்பிடுங்கள். பாறையில் வெறுங்கால் நன்றாகப் பிடிக்கும், வெயில் ஏறினால் சுடும். ரப்பர் அடி போட்ட கேன்வாஸ் ஷூ இருந்தால் நல்லது. ஹவாய் செருப்பு கூடவே கூடாது.

கூட வருகிறவர்

இரண்டாம் முறை 2019-இல் நான் திரும்பியதற்குக் கூட வந்தவர்களும் ஒரு காரணம். "இதுல என்ன இருக்கு, குழந்தையெல்லாம் ஏறுது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குழந்தை ஏறட்டும், எனக்கென்ன. அப்படிச் சொல்கிற ஆளோடு போகாதீர்கள். கையைப் பிடித்து இழுக்கிறவரும் வேண்டாம். இழுத்தால் நம் எடை நம் காலில் இருக்காது.

மூன்றாம் முறை என் நாத்தனார் மகள் வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். ஏறும்போது எனக்குப் பின்னால், இறங்கும்போது எனக்கு முன்னால், எப்போதும் எனக்குக் கீழே. தைரியம் ஒன்றும் சொல்ல மாட்டாள். "அத்தை, வலது கால். ஒரு சாண் கீழே. இரும்பு இருக்கு. ம், வச்சாச்சு. இப்ப இடது." இவ்வளவுதான் அவள் பேச்சு. இப்படி ஒருவர் கிடைத்தால் பிரியாணி வாங்கிக் கொடுத்தாவது கூட்டிப் போங்கள்.

கடப்பாரையில்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், ஒன்பதுக்குள் பாதி மண்டபம். அங்கே இருபது நிமிஷம் உட்கார்ந்து, மேலே போகிறவர்கள் எப்படிக் கால் வைக்கிறார்கள் என்று பார்த்தேன். நம் ஆட்களுக்கு ஏணியைவிடக் கடப்பாரைதான் மேல் என்பது என் அபிப்பிராயம். ஏணியில் படிக்கு நடுவே பள்ளம் தெரியும். கடப்பாரையில் கண்ணுக்கு முன்னால் பாறைதான்.

இரண்டு கை, இரண்டு கால். இந்த நாலில் மூன்று எப்போதும் மலையில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும். சங்கிலியில் தொங்காதீர்கள். அது சமநிலைக்குத்தான், எடை முழுக்கக் காலில் இருக்கட்டும். பயந்தால் பாறையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். வயிறு பாறையில் ஒட்டினால் பாதம் வெளிப்பக்கமாக வழுக்கும். உடம்பைக் கொஞ்சம் தள்ளி நேராக வைத்தால்தான் பாதம் அழுந்திப் பிடிக்கும். இது மனதுக்கு நேர் எதிரான காரியம். வீட்டுச் சரிவில் நாலு தடவை செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

நடுவில் எனக்குக் கால் உதற ஆரம்பித்தது. வலது கால், டடடடவென்று, மெஷின் மிதிப்பது மாதிரியே. பாபின் சுற்றும்போது கால் தானாக ஓடுமே, அந்த வேகம். பார்த்தால் முன்பாதத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், குதிகால் அந்தரத்தில். மெஷினை நிறுத்த மிதியில் குதிகாலை அழுத்துவோம் இல்லையா, அதேபோலக் குதிகாலைக் கீழே இறக்கினேன். நின்றுவிட்டது. தைரியம் குறைந்ததால் வந்த நடுக்கம் இல்லை, கெண்டைக்கால் களைத்ததால் வந்தது. குதிகால் பதிகிற இடமாகப் பார்த்துக் காலை வைத்தால் வராது.

விரல் நுனி மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் மூச்சை அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். இழுப்பதை விட்டுவிட்டு மெதுவாக வெளியே விடுங்கள். நான் "நமசிவாய" சொல்லி விட்டேன். ஒரு எழுத்துக்கு ஒரு நொடி, ஐந்து நொடி. உறைந்து நின்றுவிட்டால் வாய்விட்டு "நிக்கறேன், கொஞ்சம் இருங்க" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு அவசரமாகக் காலை வைப்பதுதான் ஆபத்து. எதிரே ஆள் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, அவர் போன பிறகு நகருங்கள். போன் பைக்குள் இருக்கட்டும்.

இறங்கும்போது பெரியவர் சொன்னதுதான்: முகம் மலைக்கு. கால் தேடும்போது தோள் வழியாகப் பார்த்தால் பள்ளம் தெரியும், அக்குள் வழியாகக் குனிந்து பார்த்தால் பாதம் மட்டும் தெரியும். எனக்கு ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் ஆனது, ஆகட்டும். மேலே மத்தியானம்வரை உட்கார்ந்துவிடாதீர்கள், இரும்பு சுடும், கையை எடுத்துவிடுவோம்.

தூறல் விழுந்தாலோ மேற்கே இடி கேட்டாலோ பாதி மண்டபத்தோடு திரும்புங்கள். ஈரப் பாறை, இரும்புச் சங்கிலி, மின்னல் மூன்றும் சேர்ந்த இடத்தில் சாமியிடம் நியாயம் பேச முடியாது. காலை பத்தரைக்குள் மண்டபம் வரவில்லை என்றாலும் திரும்புங்கள். 2019-இல் திரும்பியபோது மண்டபத்திலிருந்தே கற்பூரம் காட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த இரண்டு நாளுக்கு ஆர்டர் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏறியது மூச்சோடு போய்விடும், இறங்கியது தொடையில் தங்கும். நான் சில ரவிக்கைகளை மறுநாளே தருவதாகச் சொல்லியிருந்தேன். மிதியில் காலை வைத்தால் தூக்க முடியவில்லை. நாத்தனார் மகள் தரையில் உட்கார்ந்து கையால் மிதியை அமுக்க, நான் மேலே துணியைப் பிடித்துத் தைத்தேன். "அத்தை, வேகமா மெதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.