ஏஐ சொன்ன ஹதீஸை வகுப்பில் சொல்வதற்கு முன்

காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கிறவர்கள், சாட்ஜிபிடி தருகிற ஹதீஸ் (நபிமொழி) எண்ணை அப்படியே பலகையில் எழுதிவிடாதீர்கள். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கிற கருவி அது, அதனால் இல்லாத ஹதீஸுக்கும் அறிவிப்பாளர் பெயரோடு எண் வந்துவிடும். முதலில் அதனிடமே அரபு மூலத்தைக் கேளுங்கள். அந்த வரியை ஹதீஸ் நூலின் அச்சுப் பிரதியில் தேடுங்கள். புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பின் வழக்கமான எண்வரிசை 7563 வரைதான், ஆனால் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் என்பதால் அத்தியாயத் தலைப்பையும் பாருங்கள். கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். கிடைத்தாலும் ஸஹீஹா (ஆதாரமானதா) ழயீஃபா (பலவீனமானதா) என்று ஹதீஸ் படித்த மௌலவியிடம் கேளுங்கள், செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் குர்ஆன் 49:6 நமக்குத்தான். ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) சாட்ஜிபிடியிடம் கேட்கவே வேண்டாம். அப்புறம், பிள்ளைகளின் பெயர், வீட்டு விபரம் எதையும் அதில் போடாதீர்கள்.