கண்டி வாவிக்கரையில் கறுப்பு வெள்ளை: பனிமூட்டம் சாம்பலாகிவிடாமல் எடுப்பது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் மூட்டம் விழுந்த காலையென்றால் ஆறரைக்கே வாவிக்கரையில் நில்லுங்கள். எட்டு மணிக்குள் அது கலைந்துவிடும். குயின்ஸ் ஹோட்டல் மூலையிலிருந்து தலதா மாளிகைப் பக்கமாக, வாவி வலக்கைப் புறம் வரும்படி நடந்தால் சூரியன் எதிரே இருக்கும். எதிர்வெளிச்சத்தில்தான் பனி ஒளிரும்.

படி 1: பையைத் திறக்காதீர்கள்

நுவரெலியா, அட்டன் பக்கமிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு இது. குளிர்ந்த கமரா கண்டியின் ஈரக்காற்றைத் தொட்டதும் லென்ஸ் வேர்க்கும். துடைத்தாலும் மறுபடி வேர்க்கும். பையை மூடியபடியே 20–30 நிமிடம் விடுங்கள், ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம். அதுவரை லென்ஸைக் கழற்றவும் வேண்டாம், சென்சரிலும் ஈரம் படியும்.

படி 2: கமராவில் மாற்ற வேண்டியவை

ரோ (சென்சர் கண்டதை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டும் சேர்ந்து பதியட்டும். படப்பாணி மோனோக்ரோம். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரோ கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிறம் போனது போனதுதான், படி 4 செய்ய வழியில்லை. அப்பர்ச்சர் முறை (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கமரா பார்த்துக்கொள்ளும்), எப் 8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி, உச்சம் 3200, ஷட்டர் 1/250க்குக் கீழே இறங்கக் கூடாது. லென்ஸ் 35 மிமீ ஒன்று போதும். சூம் லென்ஸ் ஆளை நின்ற இடத்திலேயே நிற்கவைத்துவிடும்.

படி 3: மூட்டத்தை அளப்பது

முக்கால்வாசிப் படங்கள் கெடுவது இங்கேதான். கமராவின் ஒளிமானிக்கு எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல்தான். வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் “வெளிச்சம் கூடிவிட்டது” என்று குறைத்துவிடும், படம் அழுக்குத் தண்ணீர் மாதிரி வரும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் சக்கரத்தை +0.7இல் வையுங்கள். அடர்ந்த மூட்டமானால் +1.3 வரை போகலாம். சரியாக இருந்தால் ஹிஸ்டோகிராமின் (இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம் காட்டும் வரைபடத்தின்) மேடு வலப்பக்கம் ஒதுங்கும், ஆனால் வலச்சுவரில் மோதாது. வெயில் ஏறத் தொடங்கியதும் மாளிகையின் வெள்ளைச் சுவர்தான் முதலில் வெளுத்துப்போகும். அப்போது சக்கரத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது, படச்சட்டத்துக்குள் ஒரு முழுக் கறுப்பு வேண்டும். மூட்டம் தூரத்தில் உள்ளதை வெளுக்கும், கிட்ட உள்ளதை விட்டுவைக்கும். ஆகவே ஐந்து மீற்றருக்குள் ஒரு மரத்தண்டு, ஒரு குடை, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் ஏதாவது நிற்கட்டும். இல்லையென்றால் நாலு தரம் வெளுத்த சேலை மாதிரிதான் படம். குவியமும் அதன் விளிம்பில்தான் பிடிக்கும். வெறும் மூட்டத்தில் ஓட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். (குடை என்றதும் நினைவுக்கு வருகிறது: கரை வாங்குகளில் குடைக்குள் இருக்கும் சோடிகளை எடுக்காதீர்கள். படம் எவ்வளவு நன்றாக வந்தாலும்.)

பயிற்சிக்கு வலாகுலு பம்ம என்னும் முகில் சுவரை விட்டால் வேறில்லை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த வாவியின் கரையோரம் அலையலையாக ஓடும் வெள்ளைச் சுவர் அது. விளக்கு வைக்கும் முக்கோணப் பொந்துகள் கறுப்பாக விழும். வெள்ளை, கறுப்பு, இடைச்சாம்பல் மூன்றும் ஒரே சட்டத்தில் கிடைக்கும்.

படி 4: நிறத்தைச் சாம்பலாக்குதல்

‘சச்சுரேஷனை’ (நிறச்செறிவை) இறக்கினால் மட்டும் போதாது. சிவப்பு இ.போ.ச. பஸ்ஸும் பச்சை மரமும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளும். இலவசமான டார்க்டேபிள் என்னும் படத்திருத்த மென்பொருள் போதும். அதில் கலர் கலிப்ரேஷன் பகுதியின் கிரே தாவலில் சிவப்பு 0.6, பச்சை 0.3, நீலம் 0.1. கூட்டினால் 1 வரவேண்டும், இல்லையேல் வெளிச்சம் மாறிவிடும். பஸ் வெளுக்கும், மரம் இருளும். லைட்ரூம் மென்பொருள்காரர்கள் இலையை இருளவைக்கப் பச்சைக் கோலை (ஸ்லைடரை) மட்டும் இழுத்து ஏமாறுவார்கள். இலையில் பாதி மஞ்சள், மஞ்சள் கோலையும் இறக்குங்கள். ஒரேஞ்ச் கோலைக் கூட்டும்போது கவனம்: மாநிறத் தோல் வெளிறி முகம் மாவு பூசியதுபோல் ஆகும். மூட்டத்தை நீக்கும் ‘டிஹேஸ்’ பக்கமே போகாதீர்கள். பனியைத் தேடி வந்துவிட்டு அதைத் துடைப்பானேன்?

பின்சேர்க்கை: போனில் எடுப்பவர்களுக்கு

மூட்டம் போனில் மட்டும் தட்டையாக வருவதற்குக் காரணம் எச்டிஆர் (பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறை). அது நிழலை வெளுக்கவைத்துக் கறுப்பைத் தின்றுவிடும். அதை நிறுத்துங்கள். கிட்ட உள்ள கறுப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டினால் போன் படத்தை அளவுக்கு மீறி வெளுக்கவைக்கும், ஆகவே திரையில் தோன்றும் வெளிச்சக் கோலைக் கீழே இழுத்து மூட்டம் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்நாப்சீட் என்னும் படத்திருத்தச் செயலியின் கறுப்பு வெள்ளைக் கருவியில் சிவப்பு வடிகட்டி.

வீட்டுக்குப் போனதும் கமராவைத் தோல் பைக்குள் வைக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும். காற்றுப் புகாத டப்பா, இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.