அல்சூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு, பாப்பாவோடு

முதல் தடவை பாப்பாவுக்கு எட்டு மாதம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு பெங்களூர் அல்சூரில் காரை எடுத்தோம். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும் டயப்பர் கசிந்தது. சுமார் 10 கி.மீ. நீளப் பாலம், நடுவில் ஓரங்கட்ட இடமில்லை. அவள் வீறிட்டு அழ, நானும் சேர்ந்து அழுதேன்.

இப்போது ஒன்றேகால் வயது, நாலு தடவை போய் வந்தாயிற்று. மேப் காட்டும் நேரத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை. அவள் தூக்கத்தை வைத்துத்தான் கணக்கு. விடிகாலை 4 மணிக்குத் தூங்குகிறவளை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்புவோம். அந்த நேரத்தில் எந்தக் கிழமையும் ராகுகாலம் இல்லை என்பதால் அத்தைக்கும் சம்மதம். கிருஷ்ணகிரி பக்கம் ஒன்று, தொப்பூர் கணவாய் இறங்கி சேலத்தில் ஒன்று, கரூர் அருகே ஒன்று என்று நிறுத்துவோம். தூங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குழந்தைக்கான கார் சீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கைக்குழந்தைக்குத் தலை முன்னால் சாய்ந்து கழுத்து மடங்கியே கிடந்தால் மூச்சுக்கு ஆபத்து.

சீட் என்றதும் வீட்டில் பெரிய சண்டை. "நாலு பிள்ளையையும் மடியில வச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அத்தை. சடன் பிரேக் போட்டால் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது என்று எவ்வளவோ சொன்னேன், எடுபடவில்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்றேன். சரி, மாட்டு என்றுவிட்டார்.

சீட் பின்வரிசையில்தான், குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தபடி. ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அப்படி வைக்கவே கூடாது. தோள்பட்டை வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். ஊருக்குப் போகும் முன் ஒரு வாரம் சீட்டை ஹாலில் போட்டு, அதில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினேன். தூளியில் தூங்கிப் பழகியவள், புது சீட்டின் வாசனையே பிடிக்கவில்லை. தூளிப் புடவையில் ஒரு துண்டு கிழித்து, வாரை மாட்டிய பிறகு கால்மேல் போட்டேன். அதைக் கசக்கிக்கொண்டே தூங்கிவிட்டாள். வாருக்கு அடியில் மட்டும் எதையும் திணிக்காதீர்கள்.

எந்தப் பக்கம் மாட்டுவது? டிரைவருக்குப் பின்னால். காலையில் தெற்கே போகும்போது வெயில் இடது ஜன்னலில் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் பெங்களூர் திரும்பும்போதும் இடதுபக்கம்தான். ஆனால் டிரைவர் பக்கக் கதவு வண்டிகள் பறக்கும் பக்கம் திறக்கும், அதனால் ரோட்டோரத்தில் நிறுத்தாமல் பெட்ரோல் பங்கு, ஓட்டல் வளாகம் என்று உள்ளே போய்த்தான் நிறுத்த வேண்டும். டீ குடிக்கிற ஐந்து நிமிஷம்தானே என்று பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள், வெயிலில் பத்து நிமிஷத்தில் உள்ளே சூடு ஏறிவிடும்.

சாப்பாட்டில் நான் ரொம்ப மெனக்கெடுவதில்லை. நெய் தடவிய இட்லி, வாழைப்பழம், பிளாஸ்கில் வெந்நீர், பால் பவுடர் தனி டப்பாவில். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் என்றால் தண்ணீர்கூட வேண்டாம், பால் போதும். வண்டி ஓடும்போது எதையும் ஊட்டாதீர்கள். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புரையேறினால் முன்சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. முழுத் திராட்சை, வேர்க்கடலை எல்லாம் வீட்டோடு இருக்கட்டும்.

தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்னால் வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். போதாததற்கு, அவளுக்கு நாலு செட் மாற்றுத்துணி கைப்பையில் வைத்திருந்தவள், என் பெட்டியை டிக்கியில் மூட்டைகளுக்கு அடியில் போட்டிருந்தேன். திண்டுக்கல் வாசலில் மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும் ஆரத்தித் தட்டோடு நிற்க, புளித்த பால் வாடை அடிக்கும் சுடிதாரில் பொட்டு வைத்துக்கொண்டேன்.