க்ரைம் நாவல் பிரியருக்கு இலக்கியம் கொடுப்பது எப்படி?

முதலில், கையில் இருக்கும் க்ரைம் நாவலைப் பிடுங்காதீர்கள். என் அம்மா 20 வருடமாக பஸ் ஸ்டாண்ட் கடையில் மாத நாவல் வாங்கிப் படிப்பவர். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே சொல்லிவிடுவார். எழுத்தாளர் எதை மறைக்கிறார் என்று கவனிக்கும் கண் அது. இலக்கியம் படிக்கவும் அந்தக் கண்தான் வேண்டும்.

சிறுகதையில் தொடங்குங்கள். நான் கொடுத்தது புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னைத் தெருமுனையில் கடவுள் வந்து கந்தசாமிப் பிள்ளையிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இருவரும் காபி குடிக்கப் போகிறார்கள். மாத நாவலைப் போலவே முதல் பக்கத்திலேயே ஆளை இழுத்துவிடும். ஆனால் கொலைகாரன் பிடிபட்டதும் புத்தகத்தை மூடிவிடும் அம்மா, இதை மறுநாளும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான்.

நாவலென்றால் தொடராக வந்ததைக் கொடுங்கள். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரன் பத்திரிகையில் தொடராக வந்தது. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகவே படிக்கச் சொல்லுங்கள். நடுவில் அலுத்தால் ஒரு க்ரைம் நாவல் படித்துவிட்டு வரட்டும், தப்பே இல்லை.

“புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மாவாகவே ‘மோகமுள்’ நாயகி யமுனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.